நுண்கட்டுப்படுத்தியுடன் வெளி நினைவகத்தை இணைத்தல்

வெளி நினைவக இணைப்பு என்பது, ஒரு நுண்கட்டுப்படுத்தியின் சில்லுக்குள்ளேயே அமைந்த நினைவகம் போதாதபோது, தனிச் சில்லுகளாகக் கிடைக்கும் ரோம், ரேம் ஆகியவற்றை அதன் பாட்டைகளின் வழியாக இணைத்துப் பயன்படுத்தும் முறை ஆகும். இவ்வாறு இணைக்கப்பட்ட நினைவகத்தை நுண்கட்டுப்படுத்தி தன் உள் நினைவகத்தைப் போலவே முகவரி கொண்டு அணுகுகிறது. இக்கட்டுரை இண்டல் நிறுவனம் 1980இல் அறிமுகப்படுத்திய 8051 நுண்கட்டுப்படுத்தியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. இண்டல் தன் உற்பத்தியை 2007இல் நிறுத்திவிட்டாலும், அதே ஆணைத்தொகுதியைக் கொண்ட சில்லுகளைப் பிற நிறுவனங்கள் தொடர்ந்து உருவாக்கி வருகின்றன. இந்தியப் பொறியியற் கல்லூரிகளின் பாடத்திட்டங்களிலும் 8051 நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. இதில் பாட்டையின் ஒவ்வொரு சைகையும் வெளியே தெரியும்படி இருப்பதால், நினைவக இணைப்பைக் கற்க இது மிகவும் ஏற்றது.

தேவை

8051இன் உள்ளே 4 கிலோபைட்டு ரோமும் 128 பைட்டு ரேமும் மட்டுமே உள்ளன. அதன் உடன்பிறப்பான 8031இல் ரோம் அறவே இல்லை. அதற்கு வெளி நினைவகம் என்பது விருப்பத் தேர்வன்று, நிரல் ஓடுவதற்கே முதல் நிபந்தனை. பின்வந்த 8052இல் இவ்வளவுகள் 8 கிலோபைட்டு, 256 பைட்டு என இருமடங்காயின.

128 பைட்டு என்பது எவ்வளவு சிறியது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு வெப்பநிலைப் பதிவுக் கருவி நிமிடத்துக்கு ஓர் அளவீட்டை இரண்டு பைட்டுகளில் சேமிக்கிறது என்று கொண்டால், முழு ரேமையும் அதற்கே ஒதுக்கினாலும் 64 நிமிடங்களில் அது நிரம்பிவிடும். உண்மையில் பதிவகங்கள், அடுக்கம், மாறிகள் ஆகியவையும் அதே இடத்தில் வாழ வேண்டும். 32 கிலோபைட்டு கொண்ட ஒரு வெளி ரேமை இணைத்தால் அதே கருவி 11 நாட்களுக்கு மேல் பதிவு செய்யும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 8051இன் 32 உள்ளீட்டு வெளியீட்டு முனைகளுள் 18 முனைகள் பாட்டைக்குச் சென்றுவிடும். துறை 0, துறை 2 ஆகியவை முழுமையாகவும், துறை 3இல் இரண்டு முனைகளும் இவ்வாறு செலவாகின்றன. எஞ்சுபவை 14 மட்டுமே.

பாட்டையின் பகுதிகள்

எந்த நினைவக இணைப்பிலும் மூவகைக் கம்பிகள் உள்ளன. எந்த இடம் என்று கூறுவது முகவரிப் பாட்டை. அங்கிருந்து வருவதும் அங்குச் செல்வதும் தரவுப் பாட்டையின் வழியே. எப்போது, எத்திசையில் என்று கூறுபவை கட்டுப்பாட்டுச் சைகைகள். புதிதாகக் கற்போர் முதலிரண்டிலேயே கவனம் செலுத்துவது இயல்பு. ஆனால் இணைப்பு பிழைபடுவது பெரும்பாலும் மூன்றாவதில்தான்.

8051இன் முகவரி 16 பிட்டு நீளமுடையது. எனவே 65,536 இடங்களை, அதாவது 64 கிலோபைட்டுகளைச் சுட்டலாம். தரவு 8 பிட்டு. கட்டுப்பாட்டுச் சைகைகள் பின்வருமாறு: முகவரியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லும் ஏஎல்இ (30ஆம் முனை), நிரல் நினைவகத்தை வாசிக்கும் பிசென் (29ஆம் முனை), தரவு நினைவகத்தை வாசிக்கும் ஆர்டி (துறை 3இன் 7ஆம் பிட்டு), தரவு நினைவகத்தில் எழுதும் டபிள்யூஆர் (துறை 3இன் 6ஆம் பிட்டு). இவற்றுள் ஏஎல்இ தவிர்ந்த மூன்றும் தாழ்நிலையில் செயற்படுபவை. அதாவது மின்னழுத்தம் சுழிக்கு இறங்கும்போதே அவை கட்டளையாகின்றன.

இவற்றோடு இஏ என்ற 31ஆம் முனையையும் சேர்க்க வேண்டும். இதனைத் தாழ்நிலையில் கட்டினால் நுண்கட்டுப்படுத்தி தன் உள் ரோமைப் புறக்கணித்து எல்லா ஆணைகளையும் வெளியிலிருந்தே பெறும். உயர்நிலையில் கட்டினால் முதல் 4 கிலோபைட்டுகளை உள்ளிருந்தும், அதற்கு மேற்பட்டவற்றை வெளியிலிருந்தும் பெறும். 8031இல் இதனைத் தாழ்நிலையில்தான் கட்டியாக வேண்டும். எங்கும் இணைக்காமல் மிதக்கவிடுவது ஆய்வகங்களில் அடிக்கடி காணப்படும் பிழை. அத்தகைய சுற்று ஒருநாள் ஓடும், மறுநாள் ஓடாது.

ஒரே கம்பியில் முகவரியும் தரவும்

16 முகவரிக் கம்பிகளும் 8 தரவுக் கம்பிகளும் சேர்ந்தால் 24. சில்லின் மொத்த முனைகளோ 40. எனவே வடிவமைப்பாளர்கள் முகவரியின் கீழ்ப்பாதியையும் தரவையும் ஒரே எட்டு முனைகளில், அதாவது துறை 0இல், நேரப்பகிர்வு முறையில் அனுப்பினர். முகவரியின் மேற்பாதி துறை 2இல் வருகிறது. அது அணுகல் முடியும்வரை மாறாது நிற்பதால் அதனை நேரடியாக நினைவகத்துக்கு இணைக்கலாம்.

துறை 0இல் நிகழ்வது வேறு. முதலில் அதில் முகவரியின் கீழ் எட்டுப் பிட்டுகள் தோன்றுகின்றன. சற்று நேரத்தில் அவை மறைந்து, அதே கம்பிகள் தரவுக்காக விடப்படுகின்றன. நினைவகச் சில்லுக்கோ வாசிப்பு முடியும்வரை முழு முகவரியும் தேவை. ஆகவே மறையப்போகும் முகவரியை யாரேனும் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்பணியைச் செய்வது லாட்ச் எனப்படும் எட்டுப் பிட்டு பிடிப்புச் சுற்று. 74எச்சி373, 74எச்சி573 ஆகியவை இதற்கு வழக்கமாகப் பயன்படுகின்றன. இவ்விரண்டின் தொழிலும் ஒன்றே. 573இல் உள்ளீடுகள் ஒரு பக்கமும் வெளியீடுகள் மறுபக்கமும் வரிசையாக அமைந்திருப்பதால் பலகையில் தடம் வரைவது எளிது.

ஏஎல்இ உயர்நிலையில் உள்ளபோது லாட்ச் ஒளிபுகும் கண்ணாடி போன்றது. உள்ளே வருவது அப்படியே வெளியே தெரியும். ஏஎல்இ தாழ்நிலைக்கு இறங்கும் கணத்தில் கடைசியாக உள்ளிருந்த மதிப்பு உறைந்துவிடும். 12 மெகாஹெர்ட்சில் இயங்கும் 8051ஏஎச் சில்லு, இவ்விறக்கத்துக்குப் பின்னும் ஏறத்தாழ 48 நானோநொடிகளுக்கு முகவரியை நிலைநிறுத்துகிறது. லாட்ச் அதனைப் பிடித்துக்கொள்ள இக்கால இடைவெளி போதுமானது.

பெயரளவில் மிக நெருங்கிய 74எச்சி374 என்ற சில்லை இங்குப் பயன்படுத்தலாகாது. முனை அமைப்பு 373ஐப் போன்றதே. ஆயினும் அது ஏறும் விளிம்பில் பிடிப்பது. ஏஎல்இ ஏறும் கணத்தில் துறை 0இல் முகவரி இன்னும் நிலைபெற்றிருக்காது. கையில் இருக்கிறதே என்று 374ஐச் செருகிய சுற்று, எல்லா இணைப்புகளும் சரியாக இருந்தும் இயங்காது. மின்னளவி கொண்டு எவ்வளவு தேடினாலும் இப்பிழை அகப்படாது; ஏனெனில் பிழை கம்பியில் இல்லை, கணத்தில் உள்ளது.

ஏஎல்இ பற்றி இன்னொன்று. இது அலையியற்றியின் ஆறில் ஒரு பங்கு அதிர்வெண்ணில் இடைவிடாது துடிப்பதால், சிலர் இதனைப் பிற சில்லுகளுக்குக் கடிகாரத் துடிப்பாகப் பயன்படுத்துகின்றனர். வெளித் தரவு நினைவகத்தை அணுகும் ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பு விடுபட்டுப்போகும் என்பதை நினைவிற் கொண்டால் இதில் தவறில்லை. துல்லியமான காலக்கணக்குக்கு இது உதவாது.

ஒரே முகவரியில் இரு நினைவகங்கள்

8051இன் நினைவக அமைப்பில் கற்போரைப் பெரிதும் குழப்புவது இதுதான். நிரலுக்கு 64 கிலோபைட்டும் தரவுக்கு 64 கிலோபைட்டும் என இரண்டு தனி வெளிகள் உள்ளன. ஆனால் இரண்டுக்கும் முகவரிக் கம்பிகள் அவையே, தரவுக் கம்பிகளும் அவையே. 1000 என்ற பதினறும முகவரி பாட்டையில் தோன்றும்போது, அது நிரலின் 1000ஆ, தரவின் 1000ஆ என்பதை முகவரியைப் பார்த்து அறிய இயலாது. பிசென் இறங்கினால் அது நிரல். ஆர்டி அல்லது டபிள்யூஆர் இறங்கினால் அது தரவு. ஒரே எண்ணுள்ள வீடு இரு தெருக்களில் இருப்பது போன்றது இது. தெருவின் பெயரைக் கூறுவன கட்டுப்பாட்டுச் சைகைகளே.

எச்சைகை எப்போது எழும் என்பதை ஆணையே முடிவு செய்கிறது. ஆணைகளைக் கொணரும்போதும், மூவ்சி என்ற ஆணையால் நிரல் நினைவகத்திலுள்ள அட்டவணைகளை வாசிக்கும்போதும் பிசென் எழும். மூவ்எக்ஸ் என்ற ஆணை ஆர்டியையோ டபிள்யூஆரையோ எழுப்பும். நிரல் நினைவகத்தில் எழுதுவதற்கென்று ஓர் ஆணை 8051இல் இல்லை. அதற்கான சைகையும் இல்லை. எனவே பிழையான நிரல் எவ்வளவு தறிகெட்டு ஓடினாலும் தன்னைத்தானே அழித்துக்கொள்ள முடியாது. இது இவ்வமைப்பின் பெரிய நன்மை எனலாம்.

அந்நன்மையை வேண்டுமென்றே துறக்கும் சூழலும் உண்டு. நிரலை எழுதிச் சோதிக்கும் பயிற்சிப் பலகைகளில், கணினியிலிருந்து தொடர் இணைப்பு வழியே வரும் நிரலை ரேமில் இறக்கி அங்கிருந்தே ஓட்ட வேண்டியுள்ளது. அதற்குப் பிசெனையும் ஆர்டியையும் ஓர் ஆண்ட் வாயிலின் உள்ளீடுகளாகக் கொடுத்து, அதன் வெளியீட்டை ரேமின் வாசிப்பு முனைக்கு இணைப்பர். இரண்டில் எது இறங்கினாலும் வெளியீடு இறங்கும். இப்போது அந்த ரேம் இரு வெளிகளிலும் ஒரே முகவரியில் தோன்றும். தரவாக எழுதி, நிரலாக வாசிக்கலாம். இதன் பின் தவறான ஒரு மூவ்எக்ஸ் ஆணை, ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே சிதைக்கக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டுச் சுற்று

8031, ஒரு 74எச்சி573, 32 கிலோபைட்டு ஈப்ரோமான 27சி256, 32 கிலோபைட்டு நிலை ரேமான 62256 ஆகிய நான்கு சில்லுகளைக் கொண்டு ஒரு முழுமையான அமைப்பை உருவாக்கலாம். இரு நினைவகங்களுக்கும் 15 முகவரிக் கம்பிகள் தேவை. துறை 0 லாட்சின் உள்ளீட்டுக்கும், நேரடியாக இரு நினைவகங்களின் தரவு முனைகளுக்கும் செல்கிறது. லாட்சின் வெளியீடுகள் முகவரியின் கீழ் எட்டுப் பிட்டுகளாகின்றன. துறை 2இன் முதல் ஏழு முனைகள் எஞ்சிய முகவரிகளாகின்றன. லாட்சின் வெளியீட்டு அனுமதி முனை தரையில் கட்டப்படுகிறது. அதன் பிடிப்பு முனைக்கு ஏஎல்இ செல்கிறது.

ஈப்ரோமின் வெளியீட்டு அனுமதி முனைக்குப் பிசென். ரேமின் அதே முனைக்கு ஆர்டி. ரேமின் எழுது முனைக்கு டபிள்யூஆர். இரு சில்லுகளின் தேர்வு முனைகளுக்கும் துறை 2இன் கடைசி முனையான 15ஆம் முகவரிக் கம்பியை இணைக்கலாம். அது சுழியாக உள்ள கீழ்ப்பாதியில், அதாவது 0000 முதல் 7எஃப்எஃப்எஃப் வரை, இரண்டும் விழித்திருக்கும். இரண்டும் ஒரே முகவரியில் இருந்தும் மோதிக்கொள்வதில்லை. பிசெனும் ஆர்டியும் ஒருபோதும் ஒருசேர இறங்குவதில்லை என்பதே காரணம்.

27சி256, 62256 ஆகிய இரண்டும் 28 முனைகள் கொண்டவை. பெரும்பாலான முனைகள் ஒத்தவை. அதனால் ஒன்றின் இணைப்பைப் பார்த்து மற்றொன்றை அப்படியே இணைத்துவிடுவது எளிது. ஆனால் 1ஆம் முனையும் 27ஆம் முனையும் வேறுபடுகின்றன. ஈப்ரோமில் 27ஆம் முனை 14ஆம் முகவரிக் கம்பி. 1ஆம் முனை நிரலேற்ற மின்னழுத்தத்துக்குரியது, வாசிப்பின்போது 5 வோல்ட்டில் கட்டப்பட வேண்டும். ரேமில் 27ஆம் முனை எழுது முனை. 14ஆம் முகவரிக் கம்பி 1ஆம் முனையில் உள்ளது. இதனை மாற்றி இணைத்தால் முகவரியின் ஒரு பிட்டே எழுதும் கட்டளையாகிவிடும்.

ரேமைப் பொறுத்தவரை ஒரு சலுகை உண்டு. அதன் முகவரிக் கம்பிகளைத் தமக்குள்ளும், தரவுக் கம்பிகளைத் தமக்குள்ளும் விருப்பம்போல் இடம் மாற்றி இணைக்கலாம். எழுதும்போது நிகழும் அதே மாற்றம் வாசிக்கும்போதும் நிகழ்வதால், நுண்கட்டுப்படுத்தி எந்த வேறுபாட்டையும் உணராது. பலகையில் தடங்கள் குறுக்கிடாமல் வரைய இது பெரிதும் உதவும். ஈப்ரோமுக்கு இச்சலுகை இல்லை. அது வேறொரு கருவியில், வேறொரு வரிசையில் எழுதப்பட்டது.

முகவரிக் குறிவிலக்கம்

ஒரே வெளியில் ஒன்றுக்கு மேற்பட்ட சில்லுகள் இருந்தால், எம்முகவரிக்கு எச்சில்லு விழிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க ஒரு குறிவிலக்கி தேவை. 74எச்சி138 மூன்று உள்ளீடுகளைக் கொண்டு எட்டு வெளியீடுகளுள் ஒன்றைத் தாழ்நிலைக்கு இறக்குகிறது. முகவரியின் மேல் மூன்று பிட்டுகளை அதற்குக் கொடுத்தால் 64 கிலோபைட்டு வெளி, 8 கிலோபைட்டு கொண்ட எட்டுத் துண்டுகளாகப் பிரியும்.

நினைவகம் மட்டுமே இவ்வாறு இணைக்கப்படுவதில்லை. 8255 போன்ற துறை விரிவாக்கிகள், ஒப்புமை-எண்முறை மாற்றிகள் முதலியவையும் ஒரு துண்டில் அமர்ந்து, தரவு நினைவகத்தின் சில பைட்டுகளைப் போலவே தோன்றுகின்றன. 8051இல் உள்ளீட்டு வெளியீட்டுக்கெனத் தனி முகவரி வெளி இல்லை.

சிறிய அமைப்புகளில் குறிவிலக்கியைத் தவிர்த்துச் சில பிட்டுகளைக் கவனியாது விடுவதும் உண்டு. 8 கிலோபைட்டு கொண்ட 6264 ரேமுக்கு 13 முகவரிக் கம்பிகள் போதும். மேல் மூன்று பிட்டுகளை எங்கும் இணைக்காமல் சில்லை எப்போதும் விழித்திருக்கச் செய்தால், அதே பைட்டு எட்டு வெவ்வேறு முகவரிகளில் நிழலாகத் தோன்றும். 0000இல் எழுதியது 2000இலும் தெரியும். அமைப்பு வேறு எதையும் கொண்டிராதவரை இதனால் தீங்கில்லை. பின்னாளில் ஒருவர் அவ்வெளியில் வேறொரு சில்லைச் சேர்க்கும்போதுதான் இரண்டும் ஒரே நேரத்தில் பாட்டையை இழுக்கத் தொடங்கும்.

நேரக் கணக்கு

8051 நினைவகத்துக்காகக் காத்திருப்பதில்லை. 8085, 8086 ஆகிய நுண்செயலிகளில் மெதுவான நினைவகம் சற்றுப் பொறு என்று கூறுவதற்கு ரெடி என்ற முனை உண்டு. மூல 8051இல் அத்தகைய முனை இல்லை. குறித்த கணத்தில் பாட்டையில் என்ன இருக்கிறதோ அதனையே ஆணையாக எடுத்துக்கொள்ளும். ஆகவே நினைவகத்தின் வேகத்தை முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

12 மெகாஹெர்ட்சு படிகத்தில் ஒரு துடிப்பின் காலம் 83.3 நானோநொடி, 12 துடிப்புகள் சேர்ந்த ஓர் இயந்திரச் சுழற்சி ஒரு மைக்ரோநொடி. 8051ஏஎச் சில்லில், முகவரி தோன்றியது முதல் ஆணை வந்துசேர வேண்டிய நேரம் ஐந்து துடிப்புகளில் 115 நானோநொடி குறைவு, அதாவது ஏறத்தாழ 302 நானோநொடி. இதில் லாட்சைக் கடக்க 20 நானோநொடியளவு செலவாகும். எஞ்சும் 280க்குள் ஈப்ரோம் விடையளிக்க வேண்டும். 250 நானோநொடி ஈப்ரோம் இதற்குப் போதும். 450 நானோநொடி கொண்ட பழைய 2716 போதாது. அதனைப் பயன்படுத்த வேண்டுமெனில் படிகத்தை 8 மெகாஹெர்ட்சு அளவுக்குக் குறைக்க வேண்டும். அப்போது கிடைக்கும் நேரம் 510 நானோநொடியாகிறது.

அடுத்து, பிசென் இறங்கியது முதல் ஆணை வரவேண்டிய நேரத்தையும் பார்க்க வேண்டும். 12 மெகாஹெர்ட்சில் இது 125 நானோநொடி மட்டுமே. தரவுத்தாளின் முதற்பக்கத்தில் பெரிதாக அச்சிடப்பட்ட அணுகு நேரத்தை மட்டும் பார்த்துச் சில்லை வாங்குவோர், வெளியீட்டு அனுமதி முனைக்குரிய இத்தனி நேரத்தைக் கவனிக்கத் தவறுவதுண்டு. ஒரு சில்லு முதல் நிபந்தனையில் தேறி இரண்டாவதில் தவறலாம். பிசென் மீண்டும் ஏறியபின் ஈப்ரோம் ஏறத்தாழ 63 நானோநொடிக்குள் பாட்டையை விட்டு விலகவும் வேண்டும். இல்லையேல் அடுத்து வரும் முகவரியோடு மோதும்.

தரவு நினைவகத்துக்கு இந்நெருக்கடி இல்லை. மூவ்எக்ஸ் இரண்டு இயந்திரச் சுழற்சிகளை எடுத்துக்கொள்கிறது. முகவரி தோன்றியதிலிருந்து 585, ஆர்டி இறங்கியதிலிருந்து 252 நானோநொடி கிடைக்கிறது. 70 அல்லது 100 நானோநொடி ரேம்கள் இதனை எளிதில் நிறைவு செய்யும்.

எல்லையை ஒட்டிய சுற்று மேசையில் நன்றாக ஓடிப் பெட்டிக்குள் வெப்பம் ஏறியதும் நின்றுவிடக்கூடும். சில்லுகளின் வேகம் வெப்பநிலையோடும் மின்னழுத்தத்தோடும் மாறுவதே இதற்குக் காரணம். தரவுத்தாளில் தரப்படும் வழக்கமான மதிப்பைக் கொள்ளாமல் மிக மோசமான மதிப்பைக் கொண்டு கணக்கிட வேண்டும் என்பது இதனால்தான்.

நிரல் எழுதுவோர் அறிய வேண்டியவை

உள் ரேமிலுள்ள ஒரு பைட்டைத் திரளகத்துக்குக் கொணர ஓர் இயந்திரச் சுழற்சி போதும். வெளி ரேமிலிருந்து கொணர, முதலில் தரவுச்சுட்டி என்ற 16 பிட்டு பதிவகத்தில் முகவரியை ஏற்ற இரண்டு சுழற்சிகளும், மூவ்எக்ஸுக்கு இரண்டு சுழற்சிகளும் என நான்கு தேவை. ஆகவே சி மொழியில் எழுதுவோர் எல்லா மாறிகளையும் வெளி ரேமுக்குத் தள்ளிவிட்டால் நிரல் தளர்ந்துபோகும். அடிக்கடி தொடப்படும் எண்ணிகள் உள்ளேயும், நீண்ட அணிகள் வெளியேயும் இருப்பது நல்ல பங்கீடு.

அடுக்கம் எப்போதும் உள் ரேமிலேயே இருக்கும். அடுக்கச் சுட்டி 8 பிட்டு நீளமுடையது. அதனால் வெளியே செல்ல இயலாது. 32 கிலோபைட்டு ரேமை இணைத்த பின்னும் துணைநிரல்களை ஆழமாக அடுக்கினால் நிரல் குலைவது ஏன் என்ற மாணவர் கேள்விக்கு விடை இதுவே.

மூவ்எக்ஸுக்கு 8 பிட்டு முகவரி கொண்ட இன்னொரு வடிவமும் உண்டு. அதில் துறை 2 தன் பதிவகத்தில் உள்ள மதிப்பையே தொடர்ந்து காட்டும். எனவே அதனை ஒரு பக்க எண்ணாகக் கொண்டு 256 பைட்டுப் பக்கங்களாக நினைவகத்தை அணுகலாம்.

சோதித்தல்

வெளி ரேமைச் சோதிக்கும் நிரல் எளிதாகத் தோன்றும்: ஒரு மதிப்பை எழுது, வாசி, ஒப்பிடு. ஆனால் இச்சோதனை ஏமாற்றக்கூடியது.

முகவரிக் கம்பிகளின் பிழைகளைக் கண்டறிய, ஒவ்வோர் இடத்திலும் அதன் முகவரியின் கீழ்ப்பைட்டையே எழுதிப் பின்னர் வாசிப்பது பலரும் கையாளும் முறை. 8051இல் இதில் ஒரு பொறி ஒளிந்துள்ளது. வாசிப்பின் தொடக்கத்தில் துறை 0இல் முகவரியின் கீழ்ப்பைட்டு தோன்றி, பின்னர் கம்பிகள் உயர் மின்மறுப்பு நிலைக்கு விடப்படுகின்றன என்பது மேலே கூறப்பட்டது. ரேமே இல்லாவிட்டால் அக்கம்பிகளை யாரும் இழுப்பதில்லை. கம்பிகளின் சிறு மின்தேக்கத்தில் அம்மதிப்பு சில நூறு நானோநொடிகள் தங்கியிருக்கும். நுண்கட்டுப்படுத்தி தான் சற்றுமுன் அனுப்பிய முகவரியையே தரவாக வாசித்து, நினைவகம் சரியாக உள்ளது என்று அறிவிக்கும். இவ்வாறு காலியான செருகியில் ஒரு ரேம் தேர்வில் வெற்றிபெறலாம். முகவரிக்கு மாறாக அதன் நிரப்பியை, அதாவது ஒவ்வொரு பிட்டையும் தலைகீழாக்கிய மதிப்பை, எழுதிச் சோதித்தால் இப்பொறியிலிருந்து தப்பலாம்.

முழு நினைவகத்தையும் எழுதி முடித்த பின்னரே வாசிக்கத் தொடங்க வேண்டும் என்பதும் இன்றியமையாதது. ஒவ்வோர் இடத்தையும் எழுதிய உடனே வாசித்தால் மேலே கூறிய நிழல் முகவரிகள் வெளிப்படா. விரைவான சோதனைக்கு 1, 2, 4, 8 என இரண்டின் அடுக்குகளாக அமைந்த முகவரிகளில் வெவ்வேறு மதிப்புகளை எழுதிப் பார்த்தால், ஒன்றோடொன்று ஒட்டிய கம்பியும் அறுந்த கம்பியும் புலப்படும். அப்போதும் கீழ்ப்பைட்டோடு ஒத்த மதிப்புகளைத் தவிர்க்க வேண்டும்.

மின்தடையின்போது தரவைக் காத்தல்

நிலை ரேமுக்கு ஒரு சிறு மின்கலத்தை இணைத்தால் மின்சாரம் இல்லாதபோதும் தரவு நிலைக்கும். குறைந்த மின்திறன் 62256 வகைகள் 2 வோல்ட்டிலும் தம் உள்ளடக்கத்தைக் காக்கின்றன. மின்கலத்தை இணைப்பதோடு பணி முடிந்துவிடுவதில்லை. மின்னழுத்தம் 5 வோல்ட்டிலிருந்து சரியும் சில மில்லிநொடிகளில் நுண்கட்டுப்படுத்தி தன் வரையறைக்கு வெளியே இயங்குகிறது. அப்போது அது எந்த ஆணையை நிறைவேற்றும் என்று கூற இயலாது. டபிள்யூஆர் ஒருமுறை தவறாக இறங்கினாலும் ஒரு பைட்டு கெடும். அந்தப் பைட்டு மாதம் முழுதும் சேர்த்த பதிவுகளின் எண்ணிக்கையாக இருக்கலாம்.

எனவே மின்னழுத்தத்தைக் கண்காணிக்கும் ஒரு சில்லு, அது ஏறத்தாழ 4.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் ரேமின் தேர்வு முனையை உயர்நிலைக்கு இழுத்து, நுண்கட்டுப்படுத்தியையும் மீளமைப்பில் நிறுத்த வேண்டும். தேர்வு முனையை உயர்த்தும் மின்தடையம் மின்கலம் காக்கும் பக்கத்தில் இணைக்கப்பட வேண்டும். முதன்மை மின்வழங்கலில் இணைத்தால் அதுவும் உடன் சரிந்துவிடும்.

64 கிலோபைட்டுக்கு அப்பால்

16 பிட்டு முகவரியின் எல்லையைத் தாண்ட, துறை 1இன் சில முனைகளைக் கூடுதல் முகவரிக் கம்பிகளாகப் பயன்படுத்தி நினைவகத்தை வங்கிகளாகப் பிரிக்கின்றனர். எவ்வங்கி என்பதை முதலில் துறையில் எழுதி, பின்னர் வழக்கம்போல் அணுக வேண்டும். தரவுக்கு இது எளிது. நிரலுக்கோ, வங்கியை மாற்றும் ஆணை நிறைவேறிய மறுகணமே காலடி நிலம் மாறிவிடுகிறது. அடுத்த ஆணை புதிய வங்கியிலிருந்து வரும். ஆகையால் குறுக்கீட்டுத் திசையன்களும் வங்கி மாற்றும் துணைநிரல்களும் எல்லா வங்கிகளுக்கும் பொதுவான பகுதியில் அமைய வேண்டும்.

பிற நுண்கட்டுப்படுத்திகளில்

ஆட்மெல் உருவாக்கிய ஏடிமெகா128இலும் இதே முறையைக் காணலாம். துறை ஏ நேரப்பகிர்வுப் பாட்டை, துறை சி மேல் முகவரி. ஏஎல்இ, ஆர்டி, டபிள்யூஆர் ஆகியவை துறை ஜியில் உள்ளன. ஆனால் பிசென் இல்லை; வெளியே இணைக்கக்கூடியது தரவு நினைவகம் மட்டுமே. உள்ளே 4 கிலோபைட்டு ரேமும் பதிவகங்களும் கீழ் முகவரிகளை எடுத்துக்கொள்வதால் வெளி ரேம் 1100 என்ற பதினறும முகவரியில் தொடங்குகிறது. 8051இல் இல்லாத காத்திருப்புச் சுழற்சிகளை இதில் பதிவகத்தின் வழியே சேர்க்கலாம். 4 வோல்ட்டில் 8 மெகாஹெர்ட்சுக்கு மேல் இயங்கும்போது 74எச்சி குடும்ப லாட்சுகள் போதா, விரைவான 74ஏஎச்சி குடும்பமே வேண்டும் என்று அதன் தரவுத்தாள் எச்சரிக்கிறது. பாட்டையில் கடைசியாக இருந்த மதிப்பை வேண்டுமென்றே பிடித்து வைக்கும் வசதியும் இதில் உண்டு. அதனை இயக்கினால் காலிச் செருகியின் ஏமாற்று இன்னும் உறுதியாக நிகழும்.

எஸ்டிஎம்32எஃப்103 போன்ற 32 பிட்டு சில்லுகளின் பெரிய வகைகளில், நெகிழ்வான நிலை நினைவகக் கட்டுப்படுத்தி என்ற தனி அலகு இப்பணியைச் செய்கிறது. 60000000 என்ற பதினறும முகவரியிலிருந்து தலா 64 மெகாபைட்டு கொண்ட நான்கு பகுதிகள் நிலை ரேமுக்கும் அதையொத்த நினைவகங்களுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. முகவரி எத்தனை துடிப்புகள் நிலைக்க வேண்டும், தரவுக்கு எத்தனை துடிப்புகள் காத்திருக்க வேண்டும் என்பனவற்றை நிரலே பதிவகங்களில் எழுதுகிறது. 144 முனை வகையில் முகவரிக்கும் தரவுக்கும் தனிக் கம்பிகள் உள்ளன. 100 முனை வகையில் மீண்டும் நேரப்பகிர்வே, மீண்டும் வெளியே ஒரு லாட்சே.

உள் நினைவகம் பெருகியதாலும், நான்கு முதல் எட்டுக் கம்பிகளில் இணையும் தொடர் நினைவகங்கள் மலிந்ததாலும் புதிய சிறு கருவிகளில் இணைப்பாட்டை நினைவகம் அருகிவிட்டது. திரைப்படிமங்களைத் தேக்குதல், விரைந்து வரும் அளவீடுகளைப் பதிதல் போன்று ஒவ்வொரு பைட்டையும் உடனுக்குடன் எங்கிருந்தும் எடுக்க வேண்டிய இடங்களில் அது தொடர்ந்து பயன்பட்டு வருகிறது.